பதினெட்டு மீட்டர் சாலையும் இரண்டு நிமிடப் பேச்சும்

எங்கள் ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டுக்கு வெளியே நீளமான ஒரு நடைபாதை உண்டு. சுவரில் இடுப்பு உயரத்துக்கு இரும்புக் கைப்பிடி, தரையில் மீட்டருக்கு ஒரு மஞ்சள் கோடு. காலை எட்டரை மணிக்கு அந்தப் பக்கம் போனால் ஒரு குரல் கேட்கும். "ஒண்ணு... ரெண்டு. ஒண்ணு... ரெண்டு. தரையைப் பாக்காதீங்க, என்னைப் பாருங்க. தரை எங்கேயும் ஓடிடாது."

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரை நாங்கள் எல்லோரும் ஒண்ணு-ரெண்டு அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பெரிய டாக்டரும் அப்படித்தான். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அக்காவே திரும்பிப் பார்க்க மாட்டார். நான் அதே மாடியில் எக்ஸ்ரே அறையில் வேலை பார்ப்பதால், உடைந்த எலும்பை முதலில் நான் பார்ப்பேன், கடைசியில் அக்கா பார்ப்பார். இடுப்பு முறிந்தவர்கள், மூட்டு மாற்றியவர்கள், ஒரு பக்கம் இழுத்துக்கொண்டவர்கள் என்று இருபத்தொரு வருடமாக எத்தனையோ பேரை அந்த மஞ்சள் கோடுகளின் மேல் நடக்கவைத்திருக்கிறார்.

அக்காவின் கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச் எப்போதும் தொங்கும். வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒவ்வொருவருக்கும் ஒரு பரீட்சை வைப்பார். பத்து மீட்டரைப் பதின்மூன்று வினாடிக்குள் நடக்க வேண்டும். அது ஏன் பதின்மூன்று என்று ஒருநாள் கேட்டேன். "வாசல்ல இருக்கற ரோடு பதினெட்டு மீட்டர். பச்சை விளக்கு இருபத்துநாலு வினாடி எரியும். இந்த வேகத்துல போனா மூச்சு வாங்காம அந்தப் பக்கம் போயிடலாம்" என்றார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத கணக்கு. வாசலில் இருந்த சாலையை வைத்து அவரே போட்டது.

அந்த வருடம் அவரிடம் தேறிப் போனவர்களில் ஒருவர் பேக்கரிக்காரர். எழுபது வயது. மாவு மூட்டை மேல் ஏறி நின்று விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டவர். பேக்கரி எங்கள் ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே, சாலையின் அந்தப் பக்கம். ஆறு வாரம் மல்லுக்கட்டிப் பன்னிரண்டரை வினாடியில் பரீட்சை தேறி, தடியை ஊன்றிக்கொண்டு தானே சாலையைத் தாண்டி வீட்டுக்குப் போனார். வாரா வாரம் மறுபரிசோதனைக்கு வரும்போது ஒரு பொட்டலம் ரஸ்க்கும் வரும். திடீரென்று இரண்டு வாரம் ரஸ்க்கும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா எழுந்து பேக்கரிக்கே போய்விட்டார். பெரியவர் அடுப்புக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கால் வீங்கவில்லை, வலி இல்லை. ஆனால் பத்து நாளாக வாசற்படி தாண்டவில்லையாம். மருமகள்தான் நடந்ததைச் சொன்னார். பச்சை விளக்கு எரிந்ததும் கிளம்பியவர் நடுத்திட்டைத் தாண்டுவதற்குள் விளக்கு மாறிவிட்டது. இரண்டு பக்கமும் பஸ்கள் உரசிக்கொண்டு போக, கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருக்கிறார். தடி கீழே விழுந்து ஒரு லாரி ஏறி நொறுங்கிவிட்டது. போக்குவரத்துக் காவலர் ஒருவர் வந்து கைப்பிடித்துத் திரும்பக் கூட்டி வந்திருக்கிறார்.

அக்கா வாய் திறப்பதற்குள் பெரியவர் சொன்னார்: "உன் மேல தப்பு இல்லம்மா. நீ நடக்கக் கத்துக்குடுத்தே. ஓடக் கத்துக்குடுக்கல."

அக்கா திரும்பி வந்து சிக்னலுக்குக் கீழே நின்று ஸ்டாப்வாட்சை அழுத்தினார். பதினான்கு வினாடி. நம்பாமல் இன்னும் மூன்று முறை அழுத்தினார். நான்கு முறையும் பதினான்குதான்.

கம்பத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. நாங்கள் தினமும் தாண்டிப் போகிற கம்பம்தான், யாரும் படித்ததில்லை. நெரிசலைக் குறைப்பதற்காக, நடப்பவர்களுக்கான நேரத்தை ஒரு மாதம் சோதனையாக இந்த சிக்னலில் குறைத்திருக்கிறார்கள். சரிப்பட்டு வந்தால் நகரத்தின் பதினொரு பெரிய சிக்னல்களிலும் குறைப்பார்கள். அதற்கு முன் நகர மன்றத்தில் மக்கள் கருத்தைக் கேட்பார்கள். பேச விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம், ஆளுக்கு மூன்று நிமிடம்.

மறுநாளே அக்கா போய்ப் பெயர் கொடுத்தார். எந்த அமைப்பின் சார்பாக என்று குமாஸ்தா கேட்டாராம். "எலும்பு வார்டு" என்று சொன்னாராம் அக்கா. அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

அக்கா இதற்கு முன் மேடை ஏறியதே இல்லை. ஆனால் எண்ணத் தெரியும். அடுத்த ஒன்பது நாளும் மதியச் சாப்பாட்டை அவசரமாக முடித்துவிட்டு சிக்னலில் போய் நிற்பார். விளக்கு மாறினால் பாதிப்பேர் நடுத்திட்டில் நின்றுவிடுவதால், திட்டு வரைக்கும் நேரம் பார்த்து இரட்டிப்பாக்கிக்கொள்வார். கைக்குழந்தைக்காரி, கட்டுப்போட்டவர், சக்கர நாற்காலியைத் தள்ளுகிறவர், ஓட்டமும் நடையுமாகப் போகிற ஆபீஸ்காரர், எல்லோரும் அந்த நோட்டில் ஏறினார்கள். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். அக்காவின் கணவர் தையல் மெஷின் பழுது பார்க்கிறவர். முன்னறையே அவருக்குப் பட்டறை. "காலையில நடக்க முடியாதவங்களை எண்ணுறே, மத்தியானம் நடக்கறவங்களை எண்ணுறே. சாயங்காலம் நான் நடந்தா என்னையும் எண்ணிடுவியா?" என்று கேட்டார். அன்று சாயங்காலமே அவரையும் தெருவில் நடக்கவிட்டு எண்ணினார். பதினெட்டு மீட்டருக்குப் பதினைந்து வினாடி. மனிதர் அதற்குப் பிறகு கேலி பேசவில்லை.

பிறகு அக்கா உட்கார்ந்து பேச்சை எழுதினார். ஒன்பது பக்கம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவின் நாத்தனார், கணவருக்கு மூத்தவர், அவர்கள் வீட்டுக்கு வருவார். கோர்ட்டில் முப்பத்துமூன்று வருடம் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பத்திலேயே அவருக்குச் சுருக்கெழுத்தம்மா என்று பெயர். வக்கீல்கள் மணிக்கணக்கில் பேசியதை எல்லாம் பென்சிலால் பிடித்தவர். அவர் ஒரு நாற்காலியிலும் கணவர் பட்டறை முக்காலியிலும் உட்கார, அக்கா நடுவில் நின்று படித்தார். "பெருமதிப்பிற்கும் போற்றுதலுக்கும் உரிய மன்றத் தலைவர் அவர்களே, மாண்புமிகு உறுப்பினர்களே" என்று ஆரம்பித்தது பேச்சு. நடையே நாகரிகத்தின் முதல் படி என்று ஒரு பத்தி வந்தது. மூன்றாம் பக்கம் போவதற்குள் கணவர் கண்ணை மூடிவிட்டார். தட்டி எழுப்பினால், கண்ணை மூடினால்தான் தனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்றார்.

சுருக்கெழுத்தம்மா கடைசி வரைக்கும் கேட்டார். கையில் கடிகாரம் இருந்தது. பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.

"எல்லாம் சரி. நீ என்னதான் கேக்கறே?"

"அதான் எட்டாவது பக்கத்துல வருதே அண்ணி."

"எட்டாவது பக்கம் வரைக்கும் முழிச்சிருந்த ஜட்ஜை நான் பாத்ததில்ல."

அன்று ஆரம்பித்தது வெட்டு. போற்றுதலுக்கு உரியவர்கள் எல்லோரும் போனார்கள். நாகரிகத்தின் முதல் படியும் போனது. கேட்பதை முதல் வரியிலேயே கேட்டுவிட வேண்டும் என்றார் சுருக்கெழுத்தம்மா. எண்கள் இருபது சொன்னால் ஒன்றும் நிற்காது, இரண்டு மூன்றைப் பொறுக்கிச் சொல் என்றார். கண்ணீர் விடாதே, உனக்கு அழுகை வந்தால் அவர்களுக்கு வேலை மிச்சம், ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுவார்கள் என்றார். கொடுத்த நேரத்தில் கொஞ்சம் மிச்சம் வைத்து உட்கார்ந்துவிடு, கோர்ட்டில் அப்படிச் செய்த வக்கீலை நான் இரண்டே பேரைத்தான் பார்த்திருக்கிறேன், இரண்டு பேரும் ஜெயித்தார்கள் என்றார்.

கடைசியாக ஒரு கேள்வி போட்டார். எதிர்த்தரப்பு சொல்லப்போவதில் உருப்படியான விஷயம் எது?

அக்காவுக்குத் தெரியும். ஆம்புலன்ஸ். நெரிசலில் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொள்கிறது, அதனால்தான் நேரத்தைக் குறைக்கிறோம் என்று அறிவிப்பிலேயே போட்டிருந்தது. அதற்கு அக்காவிடம் பதில் இல்லை. ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டு, ஆம்புலன்ஸ் தாமதமானால் பரவாயில்லை என்று எந்த வாயால் சொல்வது?

"பதில் இல்லன்னா தேடு. கெடைக்கலன்னா பேசாதே. அவங்க சொல்றதுதான் சரின்னு ஆயிடும்" என்று சொல்லிவிட்டுச் சுருக்கெழுத்தம்மா காப்பி கேட்டார்.

மறுநாள் அக்கா ஆம்புலன்ஸ் கொட்டகைக்குப் போனார். அங்கே எல்லோருக்கும் மூத்த டிரைவரை சைரன் என்போம். வண்டியில் சைரன் கெட்டுப்போன ஒருநாள் ஜன்னல் வழியே தானே கத்திக்கொண்டு வந்து சேர்ந்தவர். அவர் முதலில் பிடி கொடுக்கவில்லை. ரோடு அடைத்தால் தனக்குத்தான் தலைவலி, இந்த விஷயத்தில் அக்கா பக்கம் பேச மாட்டேன் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். என் பக்கம் பேச வேண்டாம், எங்கே மாட்டினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள் என்றார் அக்கா.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் டிரைவர்கள் ஒரு பதிவேடு எழுத வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு மேல் தாமதமானால் எந்த இடத்தில், ஏன் என்று குறிக்க வேண்டும். இரண்டு பேரும் வண்டியின் பின்படியில் உட்கார்ந்து இரண்டு மாதப் பக்கங்களைப் புரட்டினார்கள். அறுபத்துநான்கு தாமதங்கள். அதில் நடப்பவர்களின் சிக்னலில் நின்றது ஐந்தே முறை. ஐம்பத்தொரு முறை மாட்டியது அதற்கு முன்னால், கடைவீதி வளைவில். அங்கே இரண்டு பக்கமும் சரக்கு வண்டிகள் நின்று, நாலு வழிச் சாலை இரண்டு வழியாகிவிடுகிறது. மீதி எட்டு வேறெங்கோ.

சைரன் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு மாசமா எழுதினது நான்தான் அக்கா. ஒருநாளும் கூட்டிப் பாத்ததில்ல."

அவரே அந்தப் பக்கங்களை நகலெடுத்து, மேலதிகாரியிடம் கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தார்.

இப்போது பேச்சு ஒன்றரைப் பக்கம் ஆகியிருந்தது. அக்கா அதை வார்டில் படித்துப் பழகினார். எழுந்து போக முடியாதவர்கள் என்பதால் கூட்டம் கலையாது என்றார் சிரித்துக்கொண்டே. நானும் போய்க் கேட்டேன். நோயாளியிடம் அவ்வளவு அழகாகப் பேசுகிறவர், தாளைக் கையில் எடுத்ததும் மருந்துச் சீட்டு படிப்பதுபோல் படித்தார். ஆறாம் கட்டிலில் இருந்த மூட்டு உடைந்த அம்மாள் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: "ஒவ்வொரு வரி முடிவுலயும் உன் குரல் கெணத்துக்குள்ள போகுதும்மா."

சுருக்கெழுத்தம்மாவை ஒருநாள் வார்டுக்கே வரவழைத்தார் அக்கா. அவர் நடைபாதையில் பெஞ்சில் உட்கார்ந்து, அக்கா ஒருவரை நடக்கவைப்பதை அரைமணி நேரம் பார்த்தார். பிறகு பேச்சைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கோளாறு என்னவென்று உடனே பிடிபட்டுவிட்டது அவருக்கு.

"நீ பேப்பர்கிட்ட பேசறே. இருபத்தொரு வருஷமா ஒரு நேரத்துல ஒரே ஒரு ஆள்கிட்டதான் பேசியிருக்கே. அங்கேயும் அதையே செய். இருபது பேரை விட்டுடு. ஒருத்தரைப் பிடி, அவர்கிட்ட சொல்லு."

அன்றிலிருந்து தாள் பையிலேயே கிடந்தது. மீதியிருந்த நாலு நாளும் ஒவ்வொரு கட்டிலாகப் போய், அந்தக் கட்டில்காரரின் கண்ணைப் பார்த்துப் பேசினார். நாலாவது நாள் ஆறாம் கட்டில் அம்மாள், "இப்ப உன்னோட நானும் வரணும்போல இருக்கு" என்றார்.

கூட்டத்தன்று லீவு போட்டுவிட்டு நானும் போனேன். அரைவட்டமாக மேஜைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மைக், இருபத்தொரு உறுப்பினர்கள். நடுவில் தலைவி. ஒல்லியான, கண்ணாடி போட்ட அம்மையார், கைக்கருகில் ஒரு பித்தளை மணி. பின்னால் பொதுமக்களுக்கு மடக்கு நாற்காலிகள். அக்கா நடுவில், ஒரு பக்கம் சுருக்கெழுத்தம்மா, மறுபக்கம் நான், எங்களுக்குப் பின்னால் அக்காவின் கணவரும் சைரனும். பழக்க தோஷம், சுருக்கெழுத்தம்மா கையில் நோட்டும் பென்சிலும் இருந்தன.

முதலில் போக்குவரத்து இன்ஜினியர் திரையில் படங்கள் போட்டு விளக்கினார். இளவயதுக்காரர், மெதுவாகப் பேசினார், யாரையும் மட்டம் தட்டவில்லை. சோதனை மாதத்தில் வண்டிகள் எட்டு சதவீதம் வேகமாகப் போயிருக்கின்றன என்றார். பிறகு பொதுமக்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். நேரம் இழுத்துக்கொண்டே போனது. பதினாறாவதாக வியாபாரிகள் சங்கத் தலைவர் எழுந்தார். மைக் தேவைப்படாத குரல். ஆம்புலன்ஸில் துடிக்கும் உயிரைப் பற்றிப் பேசினார். அந்த உயிருக்கு அம்மா இருப்பாள், குழந்தை இருக்கும் என்றார். பத்து வினாடி பொறுமை பெரிதா, உயிர் பெரிதா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நானே தட்டியிருப்பேன், அவ்வளவு நன்றாகப் பேசினார்.

பதினேழு அக்காவின் எண். அப்போது தலைவி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு நேரம் நெருங்குவதால் இனிப் பேசுகிறவர்களுக்கு இரண்டு நிமிடம்தான் என்று அறிவித்தார்.

சுருக்கெழுத்தம்மா அக்காவின் பையிலிருந்து தாளை உருவி, பென்சிலால் ஒரு முழுப் பத்தியை அடித்தார். பேக்கரிக்காரரின் கதை.

"அண்ணி, நான் வந்ததே அதுக்குத்தான்."

"ஒரு வரி வெச்சுக்கோ. அவர் சொன்ன வரி. போ."

அக்கா தாளை வாங்கிக்கொள்ளாமல், பதிவேட்டு நகலை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்து போனார். மைக் உயரமாக இருந்தது, அதைக் கீழே இறக்கினார். இருபத்தொரு பேரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு அவர் கண் ஒருவரிடம் போய் நின்றது. நான் தலைவியைத்தான் பிடிப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் பிடித்தது ஓரத்தில் உட்கார்ந்திருந்த இன்ஜினியரை.

"வணக்கம். நான் ஆஸ்பத்திரியில எலும்பு வார்டுல நடை பழக்கிவிடறவ. பதினாலு வினாடித் திட்டத்தைக் கைவிடணும். ஆஸ்பத்திரி சிக்னல்ல இருபத்தெட்டு வினாடி வேணும். இதைக் கேக்கத்தான் வந்தேன்" என்று ஆரம்பித்தார். குரல் கிணற்றுக்குள் போகவில்லை. எட்டரை மணி நடைபாதைக் குரல் அது.

"ஆம்புலன்ஸ் தாமதமாகக் கூடாதுன்னு முன்னால பேசினவர் சொன்னார். நூத்துக்கு நூறு சரி. அதுல வர்றவங்கதான் அப்புறம் என்கிட்ட வர்றாங்க. அதனால டிரைவர்கிட்டயே போய்க் கேட்டேன். ரெண்டு மாசத்துல அறுபத்துநாலு தாமதம். நடக்கறவங்களால நின்னது அஞ்சு. கடைவீதியில நிக்கற சரக்கு வண்டிகளால நின்னது அம்பத்தொண்ணு. கையெழுத்தோட பதிவேடு இங்க இருக்கு."

வியாபாரிகள் சங்கத் தலைவர் எழுந்துவிட்டார். சரக்கை ஆகாயத்திலிருந்தா இறக்குவது என்று கேட்டார். தலைவி மணியைத் தொட்டதும் உட்கார்ந்தார். அக்கா அவர் பக்கம் கோபமில்லாமல் திரும்பினார்.

"தாமதம் எல்லாமே காலையில பத்து மணிக்கு மேலதான் சார். அதே ரோட்டுல ஒரு பேக்கரிக்கு ஆறு மணிக்கே மாவு இறங்கிடுது. ஒம்பதுக்குள்ள எல்லாரும் இறக்கினா உங்களுக்கும் ரோடு காலி, ஆம்புலன்ஸுக்கும் காலி."

மறுபடி இன்ஜினியரைப் பார்த்தார். "சார்கிட்ட ஒண்ணு கேக்கலாமா? பதினாலு எப்படி வந்தது?"

இன்ஜினியர் தலைவியைப் பார்த்தார், தலைவி தலையசைத்தார். ஒரு வினாடிக்கு ஒன்று புள்ளி மூன்று மீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டோம், கையேட்டில் உள்ள அளவு என்றார்.

"அது யாரோட நடை?"

"ஆரோக்கியமா இருக்கற பெரியவங்களோடது."

"உங்க கணக்குல தப்பே இல்ல சார். ஆள்தான் மாறிப்போச்சு. ஆரோக்கியமா இருக்கறவங்க ஆஸ்பத்திரிக்கு எதுக்கு வரணும்?"

சிரிப்பு மூன்றாம் வரிசையில் கிளம்பி உறுப்பினர்கள் வரை போனது. இன்ஜினியரும் சிரித்துவிட்டார். அக்கா சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"ஒம்பது நாள் அங்கேயே நின்னு எண்ணினேன். முந்நூத்திப் பன்னெண்டு பேர். உங்க பதினாலு வினாடிக்குள்ள தாண்டறவங்க நூத்திப் பதினெட்டு. இருபத்தெட்டு குடுத்தா முந்நூத்தி நாலு பேர் தாண்டிடறாங்க. மிச்சம் எட்டுப் பேருக்கு நான் பொறுப்பு, அவங்களை வேகமா நடக்கவைக்கறது என் வேலை. ஆனா ஒரு பெரியவர் என்கிட்ட சொன்னார், நீ நடக்கக் கத்துக்குடுத்தே, ஓடக் கத்துக்குடுக்கலன்னு. அது என் வேலை இல்ல. யாரோட வேலையாவும் அது இருக்கக் கூடாது."

அவ்வளவுதான். கைகூப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். மன்றத்தின் கடிகாரத்தில் இன்னும் பதினோரு வினாடி பாக்கி இருந்தது. தலைவியின் கை மணிக்கருகில் போனது, அடிக்க எதுவும் இல்லாமல் திரும்பி வந்தது. பிறகு தட்டினார்கள் பாருங்கள், பின்வரிசையில் ஒருவர் நாற்காலியையே தட்டினார். திரும்பிப் பார்த்தால் அக்காவின் கணவர்.

நான் சுருக்கெழுத்தம்மாவின் நோட்டைப் பார்த்தேன். முதல் நாலு வரி நெளிநெளியாக ஓடியிருந்தது. அப்புறம் வெறும் தாள். என் பார்வையைக் கவனித்துவிட்டார். "முப்பத்துமூணு வருஷத்துல எழுதறதை விட்டுட்டு வாய் பாத்தது இன்னிக்குத்தான்" என்று முணுமுணுத்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு வாக்கெடுப்பு. பதினான்கு பேர் அக்கா பக்கம், ஏழு பேர் எதிராக. ஆஸ்பத்திரி சிக்னலுக்கு இருபத்தெட்டு வினாடி. கடைவீதியில் சரக்கு இறக்குவது காலை ஒன்பதுக்குள். மற்ற பத்து சிக்னல்களிலும், அங்கங்கே யார் நடக்கிறார்கள் என்று அளந்து பார்க்காமல் ஒரு வினாடியும் குறைக்கக் கூடாது. இந்தக் கடைசி வரி அக்கா கேட்காதது. இன்ஜினியரே எழுந்து சேர்க்கச் சொன்னார்.

மறுநாள் காலை அக்கா வார்டுக்குள் நுழைந்தபோது, எழுந்து நிற்க முடிந்தவர்கள் நின்றார்கள், முடியாதவர்கள் ஊன்றுகோலால் கட்டில் சட்டத்தைத் தட்டினார்கள். தலைமை நர்ஸ் சத்தம் போட ஓடி வந்து, விஷயம் தெரிந்ததும் தானும் ஒரு தட்டைத் தட்டினார். ஆறாம் கட்டில் அம்மாள் தன்னால்தான் எல்லாம் நடந்தது என்று பக்கத்துக் கட்டிலில் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு.

வியாழக்கிழமை விளக்கை மாற்றினார்கள். அக்கா சாலையைத் தாண்டிப் போய்ப் பேக்கரிக்காரரைக் கூட்டிக்கொண்டு நின்றார். புதுத் தடி. பச்சை எரிந்ததும் அக்கா ஒரு அடி முன்னால் போய்த் திரும்பி நின்றுகொண்டு, "என்னைப் பாருங்க" என்றார். நடுத்திட்டில் அவர் நிற்கப் பார்த்தார், அக்கா நிற்கவிடவில்லை. எங்கள் வாசல் நடைமேடையில் இரண்டு காலையும் வைத்தபோது இன்னும் நாலு வினாடி மிச்சம் இருந்தது. பெரியவர் திரும்பி, நின்றுகொண்டிருந்த பஸ்களையும் லாரிகளையும் ஒரு பார்வை பார்த்தார். சொந்த வீட்டுத் திண்டில் சாய்ந்தவர்போல இருந்தது அந்தப் பார்வை. மேலே எக்ஸ்ரே அறை ஜன்னலிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண் கலங்கியதை யாரும் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து இன்ஜினியர் வார்டுக்கு வந்தார். கையில் அளவு நாடா. மீதிப் பத்து சிக்னலையும் அளக்க வேண்டும், எப்படி எண்ணுவது என்று சொல்லிக்கொடுக்க முடியுமா என்று அக்காவிடம் கேட்டார். நகர மன்றமே பெரிய டாக்டருக்குக் கடிதம் எழுதி, சனிக்கிழமைகளில் அரைநாள் அக்காவை அனுப்பும்படி கேட்டிருந்தது. அதை அறிவிப்புப் பலகையில் பெரிய டாக்டர் தன் கையாலேயே ஒட்டினார்.

முதல் சனிக்கிழமை காய்கறிச் சந்தை சிக்னல். நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். இன்ஜினியர் நாடாவை விரித்தார், பதினாறு மீட்டர். அக்கா ஸ்டாப்வாட்சோடு ஒரு கரையில், அவர் நோட்டோடு மறுகரையில். கொஞ்ச நேரம் இவர்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த பழக்காரி ஒருத்தி, என்ன செய்கிறீர்கள் என்று அதட்டிக் கேட்டாள். அக்கா அவளிடம் விஷயத்தைச் சொன்னார். சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. பழக்காரி தராசை ஓரமாக வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிக்னலைப் பார்த்தாள்.

"அந்தக் கூடைக்காரியை எழுதினீங்களா? தலையில பாரம் இருந்தா அவ நடை வேற. நாளைக்கும் வாங்க, யார் யாருன்னு நான் காட்டறேன்."

அக்கா நோட்டில் புதுக் கோடு ஒன்று போட்டார். தலையில் சுமையோடு நடக்கிறவர்கள் என்று அதன் மேல் எழுதினார்.